மேகலா மூடிய சுவர்

மேகலாவின் அளவு தப்பாது. ஆம்பூரில் அவள் வேலை பார்த்த பட்டறையில் இது எல்லாருக்கும் தெரியும். ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஷூ கம்பெனியில் தைக்கச் சேர்ந்தவள், பத்து வருடம் கழித்து முனீர் அகமதுவின் பட்டறைக்கு மாறினாள். கார் சீட், சோபா, ஓட்டல் நாற்காலி என்று தோல் உறை போடும் இடம் அது. காகிதத்தை ஒரு தடவை வைத்துக் கோடு இழுத்தால் போதும், அவள் வெட்டிய தோல் அந்த இடத்தில் போய்ச் சரியாக உட்காரும்.

போன வருடக் கடைசியில் கொச்சியிலிருந்து ஒரு வேலை வந்தது. பழைய சொகுசுப் படகு ஒன்று விற்பனைக்கு நின்றது. வாங்க ஆள் வந்துவிட்டார்கள், உட்புறம் முழுக்கப் புதுத் தோல் போட வேண்டும் என்றார் படகுத் தரகர். முனீரும் மேகலாவும் அளவெடுக்கப் போனார்கள். இரண்டு நீளப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு வீட்டைத் தூக்கி வைத்தது போலிருந்தது. நடுவில் கூடம், அடுப்படி, கீழே இறங்கினால் நான்கு படுக்கையறை. கூடத்து முன்சுவருக்கு நேர் மேலே, ஆறு மாடி உயரத்துக்குப் பாய்மரம்.

“இத கேட்டமரான்னு சொல்றாங்க. நம்ம கட்டுமரம்தான், கொஞ்சம் வசதியான கட்டுமரம்” என்று சிரித்தாள் வாங்க வந்த ஹேமலதா. அவளும் கணவர் ஜோசுவாவும் வேலூர் சத்துவாச்சாரிக்காரர்கள். ஜோசுவா முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. வீட்டை விற்றுவிட்டு, இருந்ததையெல்லாம் சேர்த்து இந்தப் படகைப் பேசியிருந்தார்கள். முதலில் மாலத்தீவு, அங்கிருந்து ஆப்பிரிக்கா பக்கம். இனிமேல் கடல்தான் முகவரி என்றார் ஜோசுவா.

மேகலா பழைய பலகைகளின் மேலேயே காகிதம் வைத்து அளவெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். மூன்று வாரத்தில் தோல் தயாரானது. அதற்குள் ஜோசுவா வரவழைத்த நிபுணர் படகைப் பார்த்து நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். உள்பலகைகளைக் கழற்றிப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. பிறகு பாய் விரித்துக் கடலில் ஒருநாள் ஓட்டியும் பார்த்தார்கள். அலை அன்றைக்குப் பலமாக இருந்ததாம்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, கொச்சியில் படகுக்குள் பொருத்துகிற வேலை முடிய ஒரே ஒரு பலகைதான் பாக்கி. கூடத்து முன்சுவர். மேகலா தோல் போட்ட புதுப் பலகையை வைத்தாள். அரை விரல் அகலம் பத்தவில்லை.

திரும்ப வைத்துப் பார்த்தாள். பழைய காகிதத்தை எடுத்து வைத்தாள். காகிதமும் பத்தவில்லை. தன் அளவு தப்பியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் சுவர்தான் நகர்ந்திருக்க வேண்டும். போன் வெளிச்சத்தை அடித்து ஓரத்தில் பார்த்தாள். சுவரும் படகின் உடம்பும் சேரும் இடம், மேலிருந்து முழங்கால் உயரம் வரை வாய் பிளந்திருந்தது. விரலால் அழுத்தினாள். மரம் ஈர ரொட்டி போல அமுங்கியது. அளவு காட்ட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

தரகரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“பழைய போட்டுன்னா அப்படித்தான் இருக்கும். அது வெறும் தடுப்பு. நீங்க லெதரை இழுத்து ஒட்டிடுங்க.”

“பாய், இது சரியா இல்ல” என்றாள் முனீரிடம்.

முனீர் தரகரின் முகத்தைப் பார்த்தார். “நமக்கு போட்டப் பத்தி இன்னா தெரியும் மேகலா? அவங்க ஆளு பாத்து ஓகே சொல்லிட்டான். நம்ம வேலைய முடிச்சுட்டுக் கிளம்பலாம்.”

மேல்தளத்தில் ஹேமலதா யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. கப்பலில் முப்பது வருடம் இருந்தவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று மேகலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோலை ஈரப்படுத்தி, இழுத்து, அரை விரலையும் மூடினாள். வேலை பிரமாதமாக வந்திருந்தது. ஹேமலதா இறங்கி வந்து தடவிப் பார்த்துவிட்டு அவளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தாள்.

“வெள்ளிக்கிழமை காலைல கிளம்பறோம் மேகலா. ஜெபத்துல நெனச்சுக்கோ.”

மேகலா டீயைக் குடித்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அவளால் ஒரு தையல் நேராகப் போட முடியவில்லை. புதன்கிழமை கணவன் பரணிதரனிடம் படத்தைக் காட்டினாள். லாரி ஓட்டுகிறவன் அவன். “சேஸிஸ் விட்டுப்போன வண்டி மாதிரி இருக்கே. இதுலயா கடல்ல போறாங்க?” என்றான். அவள் அப்போதே எழுந்து பட்டறைக்கு ஓடினாள்.

“பாய், அவங்க நம்பர் குடுங்க.”

“என்கிட்ட ஏது? எல்லாம் தரகர்கிட்டதான். வீணா பேஜார் பண்ணிக்காத.”

தரகருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் வைத்துவிட்டார். அவள் நம்பரைத் தடுத்துவிட்டார் போல, அதற்குப் பிறகு போன் போகவே இல்லை.

வியாழக்கிழமை காலை சத்துவாச்சாரிக்குப் போனாள். தெருப் பெயர் தெரியாது. ஒவ்வொரு சர்ச்சாக ஏறி, கப்பல் இன்ஜினியர் ஜோசுவா வீடு எது என்று கேட்டாள். நாலாவது சர்ச்சில் ஒருவர் வழி சொன்னார். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நம்பர் கொடுத்தாள். அது உபயோகத்தில் இல்லை என்றது போன். “வெளிநாடு போறோம்னு பழைய சிம்ம குடுத்துட்டாங்கம்மா. புது நம்பர் அப்புறமா அனுப்பறேன்னாங்க” என்றாள் அந்த அம்மா. தெருவில் நின்றபடியே மேகலா அழுதாள். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேராகக் காட்பாடிக்குப் போய்க் கொச்சி ரயிலைப் பிடித்தாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் படகுத்துறையை அடைந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. ஆறு மணிக்கே போய்விட்டார்களாம்.

அலுவலகத்தில் இருந்தவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது. மேகலா போனில் இருந்த படத்தை அவர் மேஜைமேல் வைத்தாள். “சார், இத மூடினது நான்தான். கூப்பிடுங்க சார். எப்படியாவது கூப்பிடுங்க.” அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ரேடியோவை எடுத்தார். “எஸ்தர், எஸ்தர்” என்று படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ரேடியோ எட்டாது என்றார். மேகலா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையாவது தடவையோ, ஹேமலதாவின் குரல் வந்தது.

“அக்கா, நான் மேகலா. லெதர் போட வந்தேனே. கூடத்துல நான் ஒட்டுன முன்சுவத்துப் பலகை, அதக் கிழிச்சுப் பாருங்கக்கா.”

“என்ன சொல்ற? எதுக்குக் கிழிக்கணும்?”

“பின்னாடி பிளந்திருக்கு. பாத்துட்டுத்தான் மூடினேன்.”

நிமிடங்கள் போயின. பிறகு ஜோசுவா பேசினார். குரல் நிதானமாகவே இருந்தது. “என் கை முழுசா உள்ள போகுது. பாயை இறக்கறேன். இன்ஜின்ல திரும்பறோம். உதவிக்குப் படகு அனுப்புங்க.”

பதினொன்றரைக்கு அந்த முன்சுவர் விட்டுப்போய், அது தாங்கி நின்ற பாய்மரம் விழுந்தது. கூடத்துக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கி, சுக்கானில் நின்ற ஜோசுவாவின் வலது தோளை உடைத்தது. பாய் விரித்திருந்தால் படகே இரண்டாகியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். கடலோரக் காவல் படகு இழுத்து வந்து சேர்க்க மாலையாகிவிட்டது. அதுவரை மேகலா வெயிலில் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எதுவும் சாப்பிடவில்லை.

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்த ஹேமலதா அவளைப் பார்த்து நின்றாள்.

“திங்கட்கிழமை என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சியே. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“தப்புதான்க்கா.”

ஹேமலதா திரும்பிப் பார்க்காமல் ஆம்புலன்சில் ஏறினாள்.

முனீர் அகமது மேகலாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இப்போது அவள் பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அட்டை வெட்டுகிறாள். ஜோசுவாவும் ஹேமலதாவும் காட்பாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. உடைந்த படகு துறையிலேயே கிடக்கிறது. தரகர் மீது அவர்கள் போட்ட வழக்கில் மேகலாதான் முக்கிய சாட்சி. ஒவ்வொரு தடவையும் மூவரும் காட்பாடியிலிருந்து ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில் எர்ணாகுளம் போகிறார்கள். ஹேமலதா அவளிடம் பேசுவதில்லை. ஜோசுவா ஒருமுறை தலையசைத்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள மேகலாவுக்குத் தைரியம் வரவில்லை.

தரகரின் வக்கீல் விசாரணையில் கேட்டார்: “பிளவு இருந்தது தெரிந்தும் நீங்களே உங்கள் கையால் மூடினீர்கள். அப்படித்தானே?”

“ஆமாங்க. நான்தான் மூடினேன்.”

அடுத்த வாய்தா ஜூன் மாதம். லீவு கேட்டபோது சூப்பர்வைசர் சலித்துக்கொண்டார். “இன்னும் எத்தன தடவம்மா போவ?”

“கோர்ட்டுல எத்தன தடவ கூப்பிட்டாலும் போவேன் சார்” என்றாள் மேகலா. மெஷின் பக்கம் திரும்பி, நிறுத்தி வைத்திருந்த வேலையை எடுத்தாள்.