அம்மாவுக்குப் போட்டுக்காட்டிய இரண்டு குரல்கள்

என் நாவலை ஒலிநூலாகக் கொண்டுவரலாம் என்று கோவைப் பதிப்பாளர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாவல் முழுவதையும் நானே படிக்கப்போகிறேன் என்ற நினைப்பில் ஸ்டுடியோவுக்குப் போனேன். மைக் முன்னால் உட்கார வைத்த பிறகுதான் பதிப்பாளர் விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு அத்தியாயம் படிச்சாப் போதுமுங்க. உங்க குரலக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிப்போட்டா மிச்சத்த அதே படிச்சுக்கும். இப்ப எல்லாரும் இப்படித்தானுங்க."

பயமாக இருந்தது. மறுக்கத் தைரியமில்லாமல் எப்படியோ படித்துக் கொடுத்துவிட்டு சூலூரில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

சில நாட்களில் கையெழுத்துக்காக ஒப்பந்தம் வந்தது. கூடவே, ஒரே பக்கத்தை நான் படித்ததும் இயந்திரம் படித்ததுமாக இரண்டு பதிவுகள். இயந்திரத்தை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அதுவும் வாங்குகிறது. எழுத்தாளர் கூட்டங்களில் இதைப் பற்றிக் கலை, உரிமை என்று காரசாரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. அம்மாதான் நினைவுக்கு வந்தார். பல்லடத்தில் தனியாக இருக்கிறார், கண்ணில் புரை. குரலை வைத்துத்தான் கதவைத் திறப்பார். இந்தக் குரல் யார் கையிலாவது சிக்கி அவரைக் கூப்பிட்டால்?

அம்மாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கையெழுத்து, இல்லையென்றால் கிடையாது. அவர் காதை நான் அவ்வளவு நம்பினேன். விசைத்தறி ஓட்டிய காலத்தில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் வாசலில் கூப்பிடுவது யாரென்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

பல்லடத்துக்குப் போய், என்னுடையதை முதலிலும் இயந்திரத்தை இரண்டாவதாகவும் போட்டுக்காட்டி, இதில் நான் எது என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"ரண்டாவதுதான் நீயி கண்ணு. மொதல்ல படிச்ச புள்ள எதுக்கோ பயந்துக்கிட்டே படிக்குது."

முதலில் படித்தது நான்தான் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கையெழுத்துப் போடப்போவதில்லை, சரி. ஆனால் குரலைத்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேனே.

"எம்புள்ளய எனக்குத் தெரியாதா? அந்த ரண்டாவத இன்னொருக்கா போடு அம்மணி" என்றார்.

போட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அம்மா அதற்கு 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.