நான் அடித்த இடத்தில் அவரும் அடித்திருந்தார்

யுத்தம் முடிந்த மறு வருஷம். அபிராமபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஒரு சின்னச் சரக்குக் கப்பலைப் பிரயாணிகள் போகும்படி மாற்றியிருந்தோம். மேலே புதிதாக அறைகள் கட்டியதால், ஆள் ஏறினால் கவிழாமல் நிற்குமா என்று சோதிக்க வேண்டியிருந்தது.

சோதனை எளிதுதான். இரும்புக் கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவார்கள். கப்பல் துளி சாயும். உள்ளே மூன்று இடங்களில் ஒரே நீளத்தில் தூக்குக்குண்டு தொங்கும். நூல் எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேலில் பார்த்து எழுதவேண்டும். விலகல் குறைவாக இருந்தால் கப்பல் உறுதி. முன்பக்கம் நான், நடுவில் ஆபீஸ் நண்பர். பின்பக்கத்துக்கு ஆள் வராததால், கப்பலில் பாரம் தூக்கும் ஆட்களில் ராயப்பேட்டையிலிருந்து வரும் கலாசி ஒருவரை நிறுத்தினோம்.

நானும் நண்பரும் எழுதியது இம்மி பிசகவில்லை. கலாசியோ ஒவ்வொரு தடவையும் இரண்டு எண் எழுதியிருந்தார். இரண்டுமே எங்களுடையதைவிட அதிகம். இவருக்கு என்ன தெரியும் என்று அவர் தாளைச் சிவப்பு மசியால் குறுக்கே அடித்தேன். அவ்வளவு திமிர் எனக்கு. எங்கள் எண்களை வைத்துப் பார்த்ததில் கப்பல் மயிரிழையில் தேறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து நல்ல பிரதி எடுத்தேன். மறுநாள் கொடுத்துவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். நாலாவது வரியில் கை நின்றது. அன்று அந்த இடத்தில் ஐந்தேகால் என்று தவறாக எழுதி, உடனே அடித்து நாலேகால் என்று திருத்தியிருந்தேன். நண்பர் தாளிலும் ஐந்தேகால் அடிபட்டு, பக்கத்தில் நாலேகால் இருந்தது.

அளவு பார்ப்பவர் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவது எங்கள் ஆபீஸ் பழக்கம். நண்பர் தன் நூலைக் காதால் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டு சாட்சி என்று நான் நினைத்தது ஒரே சாட்சி. அதுவும் யார்? ஏணிப்படியில் வசதியாக உட்கார்ந்து, ஸ்கேலை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்த நான்.

நடந்தே ராயப்பேட்டை போனேன். கலாசி வீட்டு வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் பாய் இரண்டிரண்டு எண் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நூலு ஒரு எடத்துல நிக்கல சார். இங்கேருந்து அங்க ஆடிக்கினு இருந்திச்சு. ஒண்ணு மட்டும் எழுதினா பொய்யாப் பூடும்."

நாங்கள் கத்தியது காதில் விழவில்லையா என்றேன்.

"பக்கத்துக் கப்பல்ல சரக்கு தூக்குற விஞ்சு கடகடன்னு ஓடிக்கினு இருந்திச்சே. கேட்டிருந்தா நானும் அதையேதான் எழுதியிருப்பேன்."

அவர் தாளை அடித்துவிட்டதைச் சொன்னேன். டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டார். குடிக்கும் நிலையில் நான் இல்லை.

அங்கிருந்து மாம்பலம், எங்கள் கம்பெனி எஞ்சினீயர் வீடு. மூன்று தாளையும் நீட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இதுலேர்ந்து இது வரைக்கும்னு எழுதும். அதுல மோசமானதை வைச்சுண்டு கணக்குப் போடும்," என்றார்.

போட்டேன். கப்பல் தேறவில்லை. அந்த வாரமே மறுபடி சோதனை வைத்தார்கள். இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை; தாளை மடித்துத்தான் கொடுத்தோம். மூன்று பேருடைய எண்களும் முதல் சோதனையில் கலாசி எழுதியதை ஒட்டியே இருந்தன. கப்பலின் அடியில் இரும்புப் பாரம் ஏற்றி, பத்து நாள் தாமதமாக அனுப்பினார்கள். எனக்கு அந்த வருஷம் வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. அதில் நியாயம் இருந்தது.

இன்றைக்கும் இரண்டு பேர் ஒரு விஷயத்தை அச்சு அசலாக ஒரே மாதிரி சொன்னால் எனக்கு நிம்மதி வருவதில்லை. அன்று பக்கத்துக் கப்பலில் விஞ்சு ஓடாமல் இருந்திருந்தால் மூன்று தாளும் ஒன்றாகவே இருந்திருக்கும், கப்பலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு சொன்ன நாளில் கிளம்பியிருக்கும்.