இறுகிப்போன என்ஜினும் ஓட்டுநரின் முன்பணமும்

கப்பல்காரர் ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் பன்னிரண்டாயிரம் தர வேண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் வாயிலிருந்து இது வராது.

கப்பல்காரர் என்றதும் கப்பலைத் தேட வேண்டாம். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாட்டர் ஸ்கூட்டர். இரண்டு பேர் உட்கார்ந்து கடலில் சீறிப் போகிற மஞ்சள் வண்டி. அதுவும் பழையது, அதுவும் மாமியார் பணத்தில் வாங்கியது. அதைக் கரையில் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். போனில் பேசும்போது 'நம்ம கடற்படை' என்பார். அந்தப் படைக்குத் தளபதி, கணக்கர், காவலாளி எல்லாம் அவரே. துடைக்கிற வேலை மட்டும் மனைவிக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டுநர் மகளோடு வந்தார். வண்டியை எடுப்பவர் பன்னிரண்டாயிரம் முன்பணம் கட்ட வேண்டும், திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்பது கப்பல்காரர் போட்ட சட்டம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் பையில் இருந்தது. கால்மணி நேரம்தானே என்று அதைக் கொடுத்தார். ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்து இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஏறி உட்கார்ந்து, நன்றாகவே ஓட்டிக்கொண்டு சிரித்தபடி கரைக்கு வந்தார்கள். கப்பல்காரர் சிரிக்கவில்லை. நாளைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் பொத்தானை அழுத்தினார். 'டக்' என்றது. அதோடு சரி.

பாட்டரிதான் போய்விட்டது என்று புதுசு வாங்கிப் போட்டார். 'டக்.' ஸ்டார்ட்டர் மோட்டார்தான் கோளாறு என்று ஓட்டுநரின் முன்பணத்திலிருந்து அதையும் புதிதாக வாங்கிப் போட்டார். 'டக்.' என்ஜின் சுற்றுகிறதா என்று கையால் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்கிற யோசனை அந்த மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து விரலிலும் அழுக்குப் படிந்து முன்னுக்கு வந்தவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகுதான் பர்ஸைத் திறப்பார்கள். இவர் பர்ஸைத் திறந்தார், கூடவே போனில் வீடியோ பார்த்தார். கடைசியில் தீர்ப்பும் சொன்னார்: ஓட்டுநர் வண்டியைக் கவிழ்த்ததில் கடல் தண்ணீர் உள்ளே போயிற்று, என்ஜின் இறுகிப்போயிற்று, முன்பணம் கிடையாது.

புதன்கிழமை ஓட்டுநர் வேலை முடிந்து சீருடையோடு வந்தார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். புள்ளைக்குக் கட்டணும்."

"கடல்ல கவுத்துப் போட்டுட்டு என்கிட்ட கட்டணம் பேசுறீங்களா? என்ஜின் என்ன விலைன்னு தெரியுமா?"

ஓட்டுநருக்குத் தெரியவில்லை. கப்பல்காரருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

செய்தி மாமியார் காதுக்குப் போயிற்று. அந்த அம்மாள் ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டியோடு ஆரம்பித்து, இன்று ஊர் ஓட்டல்களின் விரிப்பையெல்லாம் துவைத்துக் கொடுக்கிற சலவைக்கடைக்காரி. அவரும் முதலில் மருமகன் கட்சிதான். பன்னிரண்டு எதற்கு, இருபதாக வாங்குங்கள் என்று சொல்லி, வியாழக்கிழமை காலையில் கிரீஸ் என்று எல்லாரும் கூப்பிடுகிற மெக்கானிக்கையும் ஓட்டுநரையும் வண்டி நிற்கிற கொட்டகைக்கு வரவழைத்தார்.

கிரீஸ் இருக்கையைத் தூக்கினார். பெரிய ஸ்பேனரை மாட்டி என்ஜினைத் திருப்பிப் பார்த்தார், இம்மிகூட அசையவில்லை. பிளக்குகளைக் கழற்றி டார்ச் அடித்தார். ஒரு துளைக்குள் தண்ணீர் தளும்பி நின்றது. சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்து, ஒரு டம்ளரில் விட்டார். துருவும் எண்ணெயும் கலந்த கலங்கல்.

"பாத்தீங்களா அத்தை? கடல் தண்ணி," என்று கப்பல்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

மாமியார் சுண்டுவிரலை டம்ளரில் விட்டு நாக்கில் தொட்டுத் துப்பினார்.

"உப்பு எங்க, மாப்பிள்ளை?"

கிரீஸும் தொட்டுப் பார்த்தார். துளி உப்பு இல்லை. வண்டியை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டார். இதில் கப்பல்காரருக்குப் பெருமைதான். கடலிலிருந்து வந்ததும் உப்புப் போக என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட வேண்டும் என்று விற்றவர் சொன்னாராம். இவர் ஒரு நாள் தவறியதில்லையாம். ரப்பர் குழாயை எங்கே செருகுவது என்றுகூடக் குனிந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமை கவிழ்ந்த வண்டி என்பதால், குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசப் போய், வெகுநேரம் கழித்துத்தான் மூடினாராம்.

"அப்போ என்ஜின் ஓடிக்கிட்டிருந்துதா?" என்றார் கிரீஸ்.

"குளிப்பாட்டுறப்ப எதுக்கு ஓட்டணும்? பெட்ரோல் வீணாப் போகும்ல."

கிரீஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். முதலில் என்ஜினை ஓட விட்டுப் பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும், தண்ணீரை மூடிய பிறகுதான் என்ஜினை நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். ஓடுகிற என்ஜினின் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாவிட்டால் தண்ணீர் புகைக்குழாயில் நிரம்பி, வரக் கூடாத வழியில் என்ஜினுக்குள் ஏறும். இத்தனை நாளும் சீக்கிரமே மூடியதால் பிழைத்தது. இப்போது உள்ளே நின்ற தண்ணீரில் துருப்பிடித்துப் பிஸ்டன் கவ்விக்கொண்டுவிட்டது.

மாமியார் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு மூடி பெட்ரோலை மிச்சம் பிடிக்க என் மூணு லட்சத்தை முழுகடிச்சிருக்கீங்க. அதுவும் குழாய்த் தண்ணியில. கடல்ல முழுகியிருந்தாலாவது நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்."

"அவர் கவுத்தது நிஜந்தானே, அத்தை?"

"கவுத்தார். அப்புறம் ஓட்டிக்கிட்டு வந்தார். நீங்கதான் நிறுத்தி வச்சுக் கொன்னீங்க. பணத்தைக் குடுங்க."

பணம் இல்லை, மோட்டாராகிவிட்டது என்று கப்பல்காரர் முணுமுணுத்தார். கிரீஸ் துளைகளில் எண்ணெயை ஊற்றி மூடினார். ஒரு வாரம் ஊறட்டும், அசைந்தாலும் அசையும், அசையாமலும் போகும் என்றார். அந்தப் புது மோட்டாரையும் பாட்டரியையும் ஒன்பதாயிரத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு அங்கேயே காசைக் கொடுத்தார். மீதி மூவாயிரத்துக்கு மாமியார் மருமகனின் இடுப்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக் காசு அதற்குள்தான் இருந்தது. அதுவும் வெளியே வந்தது.

ஓட்டுநர் இப்போது கையை மட்டும் நீட்டினார்.

கப்பல்காரர் கட்டாகவே திணிக்கப் பார்த்தார்.

"எண்ணிக் குடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "எங்களுக்கும் கேக்கணும்."

கப்பல்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலில் எச்சிலைத் தொட்டு, வாய்விட்டு எண்ணியபடி நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.