ஈரம் காயாத படத்துக்கு ஒரு முழம் சாமந்தி

ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் தேறாமல், கள்ளக்குறிச்சியில் போர்டு எழுதும் கடை வைத்தவன் நான். கண்ணீர் அஞ்சலிப் படங்கள்தான் ஜாஸ்தி வரும். நல்ல தொழில். மூக்கு சரியில்லை என்று செத்தவர் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

என் அக்கா வீட்டுக்காரர் வெள்ளிமலையில் வாத்தியார், கதையும் எழுதுவார். வருடக்கணக்கில் எழுதிய நாவலைச் சென்னையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பேனாவைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பில் படித்துக்காட்டிய புதுக் கதையும் பாதியில் நின்றுவிட்டது.

"ஊரையே சிரிக்க வெக்கிற. ஒங்க மாமாவ ஒருவாட்டி சிரிக்க வையேன்டா. சோறே எறங்கல அவருக்கு," என்றாள் அக்கா.

மலையேறிப் போனேன். "இன்னா மாமா, தாடிய வளத்துக்கினு சாமியாரா பூடலாம்னா? சீடனா நானும் வரேன். மடத்துல சோறு நல்லா இருக்குமா?"

அவர் திரும்பக்கூட இல்லை.

வேறு வழி தெரியாமல் அவரையே மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஜன்னலோர மேசை, வெற்றுத் தாள், நெற்றியைத் தாங்கிய கை. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசை மேல் படுத்துக்கொண்டது. தாள் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அந்த மூன்று நாளும் எதிரில் நான் இருந்தது அவருக்குத் தெரியுமா, சந்தேகம்தான். எனக்கும் தூக்கத்தில் வரைவது போலத்தான் இருந்தது. அஞ்சலிப் படத்துக்குப் பூசுகிற மாதிரி கன்னத்தில் ரோஸ் பூசவில்லை. இருந்தது இருந்தபடி.

படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து, அஞ்சலிப் படங்கள் காயும் அதே சுவரில் சாத்தினேன். அங்கே காயும் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முழம் பூ போடுவது பக்கத்துப் பூக்கடை அக்காவின் வழக்கம். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாமா கழுத்தில் சாமந்தி தொங்கியது.

"யாரு தம்பி இது? பாக்கவே வயிறு எரியுது."

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க மாமாக்கா. வெள்ளிமலை வாத்தியாரு. கதைய தேடிக்கினு பூட்டாரு."

பூ வாங்க நின்ற மலை பஸ் கண்டக்டர் அதைக் கேட்டதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் பகல் பஸ்ஸில் மாமாவே வந்து இறங்கினார்.

"காத்தால வாசல்ல ஒரே கூட்டம்டா. கைல மாலையோட! கதவ தொறந்தது நானு. அலறிக்கினு ஓடுதுங்க. உங்கக்கா அடுத்த பஸ்ல வெளக்கமாத்தோட வரா."

அப்போதுதான் படத்தைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்தார்.

"இப்டியாடா குந்திக்கினு இருந்தேன்?"

"இதவிட மோசம் மாமா. நாந்தான் தாடிய கொஞ்சம் சீவி வுட்டேன்."

அவர் குரல் இறங்கியது. "ஒரு அம்மா மட்டும் ஓடல. 'வெள்ளிக்கெழம கதையில கரடி காட்டுக்கு போன பொண்ணு வூடு வந்துச்சா இல்லியா, சார்? எம் புள்ள தெனம் கேக்குது. அத சொல்லிட்டாவது செத்திருக்கலாமே'ன்னு எங்கிட்டயே அழுவுது."

நான் பூவை எடுத்தேன். நாலைந்து இதழ்கள் ஈரச் சாயத்தில், படத்திலிருந்த அந்த வெற்றுத் தாளின் மேல் ஒட்டிக்கொண்டன. சுரண்டக் கத்தியை எடுத்தேன்.

"வுட்றா. இருக்கட்டும்."

என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"மாமா, பென்சில எப்ப தருவீங்க?"

"பொண்ணு வூடு வந்து சேரட்டும்டா."