நோரீன் வாங்கிய பீர் பெட்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கடலோரத்து எரிவாயு ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பொய் எச்சரிக்கைக்கு ஆலையை நிறுத்துகிறவர், மறுநாள் எல்லோருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் நோரீன் பாஸ்கோ இதுவரை வாங்கித் தந்த பீரைக் கொட்டினால் கப்பலே மிதக்கும்.

அன்று மத்தியானம் வாயுக் கசிவு மணி அடித்தது. கடல்காக்கை எச்சமிட்டாலும் அடிக்கிற மணி அது. ஆலையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கி அவள் கை போனது.

"அம்மா தாயே, இந்தத் தடவை நல்லா ஜில்லுன்னு வாங்கு," என்றான் பக்கத்து நாற்காலி லாயிட்.

"சும்மா இருடா. நிஜக் கசிவுன்னா குடிக்க உனக்கு வாயே இருக்காது."

"போன மாசமும் இதையேதான் சொன்னே!"

அவள் கை பாதியில் நின்றது. அந்த நேரத்தில் அவள் நினைத்தது வெடிப்பை அல்ல, கேண்டீன் சிரிப்பை. அது உறைத்ததும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

போய்ப் பார்த்தவர்கள் கசிவே இல்லை என்றார்கள்.

மறுநாள் பெட்டியை மேசையில் வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நேத்து என் கை நின்னுபோச்சு லாயிட். இந்தப் பாழாப்போன பெட்டியை நெனச்சு."

சிரிக்க வாய் திறந்த லாயிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன வாரம் எனக்கும் அதே மணி அடிச்சுது," என்றான் மெதுவாக. "நான் பொத்தான் பக்கமே போகல."

பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.