முழங்காலில் தட்டிய செபம்

காலை ரயிலில் ஹோர்சன்ஸிலிருந்து ரண்டர்ஸுக்கு, மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு டேனிஷ் கிழவர். கறுப்புக் கோட்டு, சவரம் செய்த கன்னத்தில் சிறு வெட்டு. உதடுகளை அசைத்தபடி விரலால் முழங்காலில் தட்டினார். இடையிடையே ஒரு தட்டு பலமாக விழுந்தது.

"என்ன பாட்டு ஐயா?" என்று டேனிஷில் கேட்டேன்.

"பாட்டில்லை, செபம். என்ரை மனிசியின்ரை மொழி. மெக்சிகோவிலை கதைக்கிற ஒரு மாயன் மொழி. சொல்லிலை நெடில் இருந்தா கடைசி நெடிலைத்தான் அழுத்தவேணும். நெடிலே இல்லாட்டி முதல் அசையை. நாங்கள் டேனிஷ்காரர் கண்டபாட்டுக்கு முதலிலையே அழுத்திப்போடுவம்."

"பிழையெண்டாலும் கடவுளுக்கு விளங்கும்."

"அவருக்கு விளங்கும். அவ சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகவே முப்பது வருசம் வேணுமெண்டு பிழையாச் சொன்னனான். இண்டைக்கு அவவின்ரை அடக்கம். இண்டைக்காவது சரியாச் சொல்லவேணும்."

முருகா, இந்த மனிதருக்கு நாக்குத் தடுமாறக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ரண்டர்ஸில் இறங்கித் தனியே நடந்து போனார்.

சரியாகச் சொன்னாரோ, தெரியாது. நான் வேண்டியது சரியான வேண்டுதல்தானா என்றும் இன்றுவரை தெரியவில்லை.