விழுங்கினவளுக்கு அரைப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் அம்மா அப்பா வைத்தது இல்லை. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். நேரம் பிந்தினாலோ கிள்ளிய கொழுந்தில் கிலோ குறைந்தாலோ அரைப்பேர். வேலைக்கே போகாவிட்டால் பேர் இல்லை. தொடர்ந்து பேர் விழாமல் போனால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவிலிருந்தே ஆளை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும், அதாவது வரிசை வீட்டில் உள்ள ஒற்றை அறையும், கையை விட்டுப் போகும். நானும் மகளும் இருக்கிற காம்பரா என் பேரில்தான் நிற்கிறது. என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கப் போய், அங்கேயே இன்னொருத்திக்கு வீட்டுக்காரராகிவிட்டார்.

ஆகவே எனக்கு டீபி, அதுவும் சாதாரண மாத்திரைக்கு அடங்காத டீபி என்று டாக்டர் சொன்னபோது நான் "செத்துருவேனா" என்று கேட்கவில்லை. "என் பேரு போயிருமா ஐயா?" என்றுதான் கேட்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கம். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்து உருகிப்போய், "ஒருத்தருக்கும் உங்கட பேரைச் சொல்ல மாட்டம். பயப்பிடாதேங்கோ" என்றார். நான் மறுபடியும், "இல்லைங்க ஐயா, பேரு போயிருமான்னு கேக்குறேன்" என்றேன். "பேரைக் கடைசி வரைக்கும் காப்பாத்துவம்" என்று அவரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதோடு, மருந்து முழுக்க இலவசம் என்றும் சொன்னார். நான் நிம்மதியாக எழுந்து வந்தேன். அவர் சொன்ன பேர் வேறு என்று புரிவதற்குள் என் பேர் மாதக்கணக்கில் போய்விட்டது. ஆஸ்பத்திரித் துண்டைத் தோட்டத்து ஆபீசில் கொடுத்திருந்ததால் செக்ரோலில் மட்டும் வெட்டவில்லை.

முதலில் கொழும்புப் பக்கத்து நெஞ்சு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மகளை அடுத்த காம்பரா அக்காவிடம் விட்டுவிட்டு, யார் கேட்டாலும் அம்மா கொழும்புக்குப் போயிருக்கு என்று மட்டும் மகளைச் சொல்லச் சொன்னேன். டீபி என்று தெரிந்தால் லயத்தின் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட விடமாட்டார்கள் என்ற பயம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ஆளையே கருப்பாக்கும் மாத்திரை. நான் முன்னமே மாநிறம். திரும்பி வரும்போது அடுப்படிச் சுவர் நிறம். இனி யாருக்கும் ஒட்டாது என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஒரு நோயாளி அக்கா விட்டுப்போன சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு லயத்தில் வந்து இறங்கினேன்.

மாதக்கணக்கில் ஆள் இல்லை. போனது கொழும்பு. வந்தது கருத்து, பெட்டியோடு. லயம் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டது: இவள் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள்!

அடுத்த காம்பரா அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒம் மகள எம் மக மாதிரி பாத்துக்கிட்டேன். ஒரு சவுக்காரக் கட்டி கூடவா கொண்டுவரல?"

பெட்டியில் இருந்தது என் பழைய சேலை இரண்டும் ஒரு மாத மாத்திரையும். அவள் இத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். கூரைத் தகரம் மாற்றக் கொஞ்சம் காசு கைமாற்றாகக் கேட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அக்கா, நான் எந்த அரபிக்கும் சட்டி கழுவல. எனக்கு டீபி. மருந்துக்கே அடங்காத டீபி. போதுமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. அதுக்காக இம்புட்டு பெரிய பொய்யா? நாக்கு அழுகிப்போகும் புள்ள" என்று எழுந்து போய்விட்டாள். மாதக்கணக்காக மறைத்த நோயை நானே வாய்திறந்து சொல்கிறேன், நம்ப ஆளில்லை. அட கடவுளே, அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தத் தீர்ப்பை உறுதிப்படுத்துவது போல வாச்சர், அதாவது தோட்டத்துக் காவல்காரர், வந்து சேர்ந்தார்.

அது நடந்த விதம் இப்படி. இந்த மாத்திரையை நோயாளி தன் இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது. விழுங்குவதை ஒருவர் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். கிளினிக்கின் சிங்கள நர்ஸ் எங்கள் கண்டாக்கு ஐயாவுக்கு, அதாவது மலையில் எங்களை மேய்க்கும் தோட்ட உத்தியோகத்தருக்கு, போன் எடுத்து "வாச் கரன்ன கெனெக் ஓனே" என்றிருக்கிறார். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அர்த்தம். கண்டாக்கு ஐயாவின் காதில் "வாச்" மட்டும்தான் விழுந்தது. வாச் என்றால் தோட்டத்தில் வாச்சர். மருந்து ரொம்ப விலை கூடியது என்றும் நர்ஸ் சொல்லிவைத்தாராம். விலை கூடின சாமான், காவலுக்கு ஆள். எல்லாம் பொருந்திப் போயிற்று.

வயதாகிப் பேர் வெட்டப்பட்டு வீட்டில் இருந்த பழைய வாச்சரைக் கூப்பிட்டு மறுபடி பேர் கொடுத்தார்கள். காக்கிக் கோட்டும் டோர்ச் லைட்டும் குண்டாந்தடியுமாக அவர் காலையில் என் வாசலில் வந்து நின்றார். காவல் போடுகிற அளவுக்கு இவளிடம் அரபுப் பணம் இருக்கிறது என்று லயம் முடிவே கட்டிவிட்டது.

"எதுக்கண்ணே தடி?"

"மாத்திரைய எவனாவது தூக்கிட்டா? ஒரு டப்பா வெலைக்கு நம்ம கொழுந்து லொறிய வாங்கலாமாமே. கண்டாக்கு ஐயா சொன்னாரு."

நான் டப்பாவைத் திறந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி வாயைத் திறப்பேன். அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொம்பளைப் பிள்ளை வாயைப் பார்ப்பது மரியாதை இல்லையாம். விழுங்குவதைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர் அதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். வேலியைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்து மழை வரும் என்றார். நான் வாந்தி எடுத்தால் மட்டும் பதறிப்போவார். "ஐயையோ, லொறி வெளிய வந்துருச்சே!"

இதில் என் வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதிந்துவிட்டுத்தான் என் வாசலுக்கு வரலாம். அவர் வந்தபின்தான் நான் விழுங்கலாம். விழுங்கி, குமட்டல் அடங்கி, மலை ஏறிப் போய்ச் சேரும்போது நேரம் பிந்திவிடும். பிந்தினால் அரைப்பேர். ஆக, பார்க்காதவருக்கு முழுப்பேர், விழுங்குகிறவளுக்கு அரைப்பேர். கண்டாக்கு ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "வாச்சர் பெரட்டுக்கு வராம பேரு போட முடியுமா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

கிளினிக் நாளில் அரைப்பேரும் கிடையாது. ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கிளினிக்கில் முட்டை, பால், மீன் நன்றாகச் சாப்பிடச் சொல்வார்கள். திரும்பும்போது ஹட்டனில் முஸ்லிம் நானா கடையில் நின்று முட்டை என்ன விலை என்று கேட்பேன். கேட்டுவிட்டு இரண்டு வாங்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு. தினமும் காலையில் ஒரு லொறியை விழுங்குகிறவள், முட்டைக்கு இப்படி யோசிக்கிறாள். யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்டுகிற கதைதான். அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. அந்த லொறி இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

ஒருவழியாகச் சளியில் ஒன்றுமில்லை, மருந்தை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னார். வந்து வாச்சரிடம் சொன்னேன். மனுஷன் முகம் செத்துப்போனது.

"இன்னும் ரெண்டு மாசம் சேத்து முழுங்கக் கூடாதா தங்கச்சி?"

"ஒங்களுக்கு ஆசையா இருந்தா நீங்க முழுங்குங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

நான் நக்கலுக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு விடுவாங்களா?" என்று கேட்டார். தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனபோது பாவமாகத்தான் இருந்தது.

நோய் போய்விட்டது. இனி நேரத்துக்கு மலைக்குப் போகலாம், முழுப்பேர் விழும், செக்ரோலில் நிலைக்கலாம் என்று துள்ளிக்கொண்டு போனேன். முதல் செடியில் கை வைத்ததும் தெரிந்தது. விரல் நுனியில் ஒன்றுமே தெரியவில்லை. மருந்தால் நரம்பு மரத்துப்போகும், மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உயிரோடு ஒப்பிட்டால் விரல் நுனி எம்மாத்திரம் என்று நானும் தலையாட்டியிருந்தேன். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கண் விரலில் இருக்கிறது. வாய் ஊர்க்கதை பேசும், கண் அடுத்த செடி நிரையைப் பார்க்கும், விரல் தானாகக் கொழுந்தைத் தேடிக் கிள்ளும். எனக்கோ ஒவ்வொரு கொழுந்தையும் குனிந்து பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டியிருந்தது. மற்றவர்கள் நிரை முடித்துத் திரும்பும்போது நான் பாதியில் நின்றேன். இந்த வேகத்தில் என்றைக்கும் அரைப்பேர்தான்.

பக்கத்து நிரையில் அடுத்த காம்பரா அக்கா. அரபுப் பணத்துச் சண்டைக்குப் பிறகு என்னோடு பேசாதவள். திடீரென்று "ஏய், கையப் பாரு!" என்று கத்தினாள். பார்த்தேன். முள்ளோ, வெட்டிய குச்சியோ, விரல் கிழிந்து கொழுந்தெல்லாம் ரத்தம். எனக்கு வலிக்கவே இல்லை. அவள் என் விரலைப் பிடித்து அழுத்தினாள். நகத்தால் கிள்ளியும் பார்த்தாள்.

"தெரியலியா?"

"இல்லக்கா."

"அப்ப நீ சொன்னது நெசமா?"

தலையாட்டினேன். அவள் "பாவி, பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு தன் கூடையிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி என் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் போடுவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கை போட்டார்கள்.

மாலையில் தராசில் வைத்தபோது, அந்த மலையிலேயே அதிகக் கிலோ என்னுடையது!

கண்டாக்கு ஐயா தராசைத் தட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இம்புட்டு எடுக்கிற ஆளு, இத்தன மாசமா அரைப்பேருக்கு நடிச்சியா புள்ள?" என்று திட்டிக்கொண்டே முழுப்பேர் போட்டார்.  நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன். எனக்குப் பின்னால் தராசுக்கு வந்த அடுத்த காம்பரா அக்காவுக்குக் கிலோ போதவில்லை. இன்னொருத்திக்கும் போதவில்லை. இரண்டு பேருக்கும் அரைப்பேர்.

மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் அக்காவை மறித்தேன். "வேணாங்க்கா. ஒங்க பேரத் தின்னுட்டு நான் பொழைக்கணுமா?"

"சும்மா வா. நேத்து தெரியாம எல்லாரும் போட்டதுலதான் கிலோ கூடிப்போச்சு, அந்தாளுக்கும் சந்தேகம் வந்துருச்சு. இனி ஒரு நாளைக்கு ரெண்டு ஆளு மட்டும் ஒங் கூடையில போடுவோம். ராத்திரியே முறை வச்சாச்சு" என்றாள். "இன்னைக்கு அரைப்பேரு எனக்கில்ல. அந்தா முன்னுக்குப் போறாளுக பாரு, அவளுக ரெண்டு பேருக்கும்."